சரிவின் விளிம்பில்: தோட்டமும் தடுப்பும் கண்ணாடியும்

ஹிஜ்ரி 899ஆம் ஆண்டு, ரமளான் பிறை 4. கி.பி. 1494 ஜூன் 8. ஃபர்கானாவின் ஆட்சியாளர் உமர் ஷைகு மீர்ஸா அக்ஸி கோட்டையில் தம் புறாக்கூட்டில் இருந்தார். ஸைஹூன் ஆற்றின் மேட்டுக் கரையில் அமைந்திருந்த அக்கோட்டையின் மாளிகைகள் ஆழ்ந்த பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே எழுப்பப்பட்டிருந்தன. அன்று விளிம்பு சரிந்தது. கூடும் புறாக்களும் மன்னரும் ஒருசேரப் பள்ளத்தில் வீழ்ந்தனர். நாற்பதை எட்டாத வயதில் அவர் வாழ்வு முடிந்தது. செய்தி எட்டியபோது அவருடைய மூத்த மகன் அந்திஜான் நகரின் தோட்டமொன்றில் தங்கியிருந்தார். பன்னிரண்டு வயதும் நிரம்பாத அந்தச் சிறுவரே பின்னாளில் முகலாய அரசுக்கு அடிகோலிய பாபர்.

அறுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1556 ஜனவரியில் பாபரின் மகன் ஹுமாயூன், தில்லிப் பழைய கோட்டையில் நூலகமாகப் பயன்பட்ட ஷேர் மண்டல் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து இறங்கிக் கொண்டிருந்தார். பாங்கொலி கேட்டு மரியாதைக்காகப் படியில் அமர முனைந்த வேளையில் அங்கியில் கால் சிக்கித் தலைகுப்புற வீழ்ந்தார் என்பது வரலாறு. சில நாட்களில் அவரும் காலமானார்.

தந்தையையும் மகனையும் வீழ்ச்சி கொண்டுபோயிற்று. இருவருக்கும் இடையே நின்ற பாபரோ, மலைச்சரிவுகளில் தோட்டம் அமைப்பதைத் தம் வாழ்வின் பேரின்பங்களுள் ஒன்றாகக் கொண்டவர். சரிவின் அழகும் சரிவின் அச்சமும் ஒரே குடும்பத்தின் கதையில் இவ்வாறு பின்னிக் கிடக்கின்றன.

இன்று மலைநகர்களில் வீடு கட்டுவோர், தோட்டத்தின் விளிம்பில் கண்ணாடித் தடுப்பு நிறுத்துவதைப் பரவலாகக் காண்கிறோம். குழந்தை விழக்கூடாது, பள்ளத்தாக்கின் காட்சியும் மறையக்கூடாது. இவ்விரு விருப்பங்களையும் ஒருங்கே நிறைவு செய்ய வந்த பொருள் அது. பொருள் புதிது, அது விடை சொல்ல முயலும் வினா மிகப் பழையது. விளிம்பில் என்ன வைக்க வேண்டும் என்ற வினாவைச் சட்ட அறிஞர்களும் கட்டடக் கலைஞர்களும் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கின்றனர். அந்த ஆராய்ச்சியின் சுவடுகளைப் பின்தொடர்வது நமக்கு வரலாற்றறிவை மட்டுமன்றி, நடைமுறைத் தெளிவையும் தரும்.

நிலம் நிற்க வேண்டும்

உமர் ஷைகு மீர்ஸா தடுப்பில்லாமையால் மாண்டவர் அல்லர். அவருடைய காலடியில் இருந்த நிலமே பெயர்ந்தது. எவ்வளவு உறுதியான கைப்பிடிச் சுவர் இருந்திருந்தாலும் அதுவும் அவரோடு பள்ளத்தில் வீழ்ந்திருக்கும். சரிவு நிலத்தின் முதற்பாடம் இதுவே. மனிதன் விழாமல் காப்பது இரண்டாவது வேலை. மண் விழாமல் காப்பதே முதல் வேலை.

முகலாயத் தோட்டக்கலை இப்பாடத்தை நன்கு கற்றிருந்தது. காபூலில் ஷேர் தர்வாஸா மலையின் மேற்குச் சரிவில் அமைந்த பாகே பாபர் ஏறத்தாழ 11 ஹெக்டேர் பரப்புடையது. சரிவை அப்படியே விடாமல் 15 படித்தளங்களாக வெட்டி, ஒவ்வொரு தளத்தையும் தாங்கு சுவரால் நிறுத்தி, நடுவே நீரோட்டத்தை இறக்கியிருந்தனர். ஆக்ராவில் 1530இல் இறந்த பாபரின் உடல் பின்னர் இங்குக் கொண்டுவரப்பட்டு, உயர்ந்த தளமொன்றில் அடக்கம் செய்யப்பட்டது. உள்நாட்டுப் போரில் சிதைந்த இத்தோட்டத்தை ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை 2002 முதல் மீட்டெடுத்தது. சுற்று மதிலும் தளங்களும் நீர்வழியும் மீண்டும் உருப்பெற்றன.

படித்தள முறையின் நுட்பம் நீரைப் பற்றியது. மழைநீரோ பாசனநீரோ தாங்கு சுவரின் பின்புறம் தேங்கினால் ஊறிய மண்ணின் எடை கூடுகிறது. நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைப் புறந்தள்ளுகிறது. எனவே நீருக்கு வெளியேறும் வழி அமைக்க வேண்டும். இக்காலப் பொறியாளர்கள் சுவரின் பின்னே சரளைக்கல் நிரப்பி, சுவரில் கசிவுத் துளைகள் விடுவது இதற்காகவே. முகலாயத் தோட்டங்களிலோ நீர் முறையான வாய்க்கால் வழியே தளத்திலிருந்து தளத்திற்கு அருவியாக இறக்கப்பட்டது. கண்ணுக்கு அழகாகத் தோன்றிய அந்த அமைப்பு, நீரை அதற்குரிய பாதையில் அடக்கி நடத்திய அமைப்புமாகும்.

காஷ்மீரத்து தால் ஏரிக்கரையில் நூர்ஜஹானின் உடன்பிறந்தவரான ஆஸஃப் கான் 1633இல் அமைத்த நிஷாத் பாக் இதன் உச்சம் எனலாம். பன்னிரண்டு தளங்கள் ஏரியை நோக்கி இறங்குகின்றன. அனைத்திற்கும் மேலே குடும்பப் பெண்களுக்கான தளம். அதைத் தாங்கி நிற்கும் சுவரின் உயரம் ஏறத்தாழ 18 அடி. கீழ்த்தளங்களில் நிற்போர் மேலே உள்ளவர்களைக் காண இயலாது. மேலே உள்ளவர்களோ ஏரியையும் அப்பாலுள்ள மலைகளையும் காணலாம். மண்ணைத் தாங்கிய அதே சுவர் மறைவையும் தந்தது. அந்த உயரமே ஓர் ஆபத்தாகவும் அமைந்தது. பதினெட்டடி விளிம்பில் குழந்தைகள் ஓடி விளையாடினால் என்னாவது? இங்கேதான் இரண்டாவது வேலை தொடங்குகிறது.

தடுப்பும் அறிவும்

விளிம்பில் தடுப்பு அமைப்பது விருப்பத்தைச் சார்ந்ததன்று, கடமை என்னும் கருத்து மிகத் தொன்மையானது. இன்று வழங்கும் தவ்ராத்தின் உபாகமப் பகுதியில், புதுவீடு கட்டுபவர் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்றும், இல்லையேல் வீழ்ந்தவரின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சாரும் என்றும் பொருள்படும் கட்டளை உள்ளது. தட்டையான கூரையில் உறங்குவதும் தானியம் உலர்த்துவதும் விருந்தினரை அமர்த்துவதும் அன்றைய மேற்காசிய வாழ்க்கையின் அன்றாட நிகழ்வுகள். ஆகவே கூரைச் சுவர் உயிர்காக்கும் உறுப்பாக இருந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மொழியொன்றும் இதைப் பற்றியதே. தடுப்பற்ற கூரையின்மேல் இரவில் உறங்குபவரை விட்டுப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்னும் கருத்துடைய ஹதீஸ், இமாம் அபூதாவூதின் தொகுப்பிலும் இமாம் புகாரீயின் ‘அல் அதபுல் முஃப்ரத்’ நூலிலும் இடம்பெற்றுள்ளது. அபாயத்தைக் கண்ணால் கண்டும் முன்னேற்பாடு செய்யாமல் இருப்பது இறைவன்மீது வைக்கும் நம்பிக்கையாகாது என்று இதற்கு விளக்கம் கூறுவர்.

இந்த ஹதீஸில் தடுப்பைக் குறிக்கும் சொல் ஏடுகளில் ஒன்றுபோல் வரவில்லை என்பது சுவையான செய்தி. ‘ஹிஜார்’ என்றும், ‘ஹிஜாப்’ என்றும், ‘ஹிஜா’ என்றும் பாடபேதங்கள் உண்டு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹதீஸ் விரிவுரையாளர் அல் கத்தாபீ, ‘ஹிஜா’ என்னும் பாடத்தை எடுத்துக்கொண்டு நுட்பமான விளக்கமொன்று தருகிறார். அரபு மொழியில் ‘ஹிஜா’ என்றால் அறிவு. அறிவு மனிதனைக் கேட்டிலிருந்து தடுப்பதுபோல் சுவர் அவனை வீழ்ச்சியிலிருந்து தடுக்கிறது. ஆகவே சுவருக்கு அப்பெயர் பொருந்திற்று என்கிறார். முதலெழுத்தின் உயிர்க்குறியை மட்டும் மாற்றி ‘ஹஜா’ என்று படித்தாலோ பொருள் ‘விளிம்பு’ என்றாகிவிடும் என்றும் சுட்டுகிறார். விளிம்புக்கும் அறிவுக்கும் இடையே ஓர் உயிர்க்குறி அளவே தொலைவு. ஒரு கட்டடப் பொருளைக் குறித்து இதைவிட ஆழமாக எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

அண்டை வீட்டாரின் உரிமை

உயரமான இடத்தில் நிற்பவருக்கு விழும் அபாயம் மட்டுமே உண்டு என்பதில்லை. பிறர் வீட்டினுள் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. முஸ்லிம் சட்ட அறிஞர்கள் விளிம்பைப் பற்றி எழுதிய பக்கங்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது சிக்கலைப் பற்றியதாகும்.

எகிப்தில் ஃபுஸ்தாத் நகரம் உருவான காலத்தில், காரிஜா பின் ஹுதாஃபா என்பவர் தம் வீட்டின்மேல் ஒரு மேலறை கட்டினார். அந்நகரின் முதல் மேலறை அதுவே என்பர். அது அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தை நோக்கியதாக இருந்தது என்ற செய்தி மதீனாவுக்கு எட்டவே, கலீஃபா உமர் (ரலி) ஆளுநர் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களுக்கு அதனை அகற்றுமாறு கடிதம் எழுதியதை, ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அப்துல் ஹகம் பதிவு செய்கிறார். மாலிகி மத்ஹபின் மூலநூல்களுள் ஒன்றான ‘அல் முதவ்வனா’ இதையொத்த தீர்ப்பொன்றைத் தருகிறது. சாளரத்தின் அருகே ஒரு கட்டிலை இடவேண்டும். அதன்மேல் ஒருவர் ஏறி நிற்க வேண்டும். அவருடைய பார்வை அண்டை வீட்டினுள் செல்லுமானால் சாளரம் தடுக்கப்பட வேண்டும். செல்லாதெனில் அப்படியே இருக்கலாம். இதில் ஊகத்திற்கு இடமில்லை. ஒரு மனிதரை அவ்விடத்தில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யும் முறை இது.

ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (இறப்பு 1223) தம் ‘அல் முக்னீ’ நூலில், இருவரின் கூரைகளுள் ஒன்று உயர்ந்திருந்தால் உயர்ந்த கூரைக்குரியவரே மறைப்பு அமைக்கக் கடமைப்பட்டவர் என்கிறார். பார்க்கப்படுபவர் தம்மைக் காத்துக்கொள்ளட்டும் என்று சட்டம் ஒதுங்கி நிற்கவில்லை. பார்க்கும் வாய்ப்புள்ளவர்மீதே பொறுப்பைச் சுமத்துகிறது.

இந்த மரபைச் சட்ட விதிகளாகத் தொகுத்தது, உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை வெளியிட்ட ‘மஜல்லா’ என்னும் உரிமையியல் சட்டம். சமையற்கட்டு, கிணற்றடி, முற்றம் போன்ற பெண்கள் புழங்கும் இடங்கள் பார்வைக்கு உட்படுவது கடுமையான தீங்கு என்று அதன் 1202ஆம் விதி வகுக்கிறது. அத்தீங்கை நீக்க ஒரு சுவரோ பலகைத் தடுப்போ போதும். சாளரத்தையே அடைத்துவிடுமாறு உரிமையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. சாளரம் ஆள் உயரத்திற்கு மேல் இருந்தால், ஏணி வைத்துப் பார்ப்பாரோ என்ற ஐயத்தின் பேரில் வழக்காட இயலாது. தோட்டத்தைப் பற்றியும் ஒரு விதி உண்டு. தம் தோட்டத்துக் கனிமரத்தில் ஏறும்போது அண்டை வீட்டுப் பெண்கள் கண்ணில் படுவார்களாயின், ஏறுமுன் அறிவித்துவிட்டு ஏறவேண்டும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை; கனி பறிப்பதையும் தடுக்கவில்லை. ஒருவரின் வெளிச்சமும் காற்றும் கனியும் ஒரு தட்டில். மற்றவரின் மானம் மறுதட்டில். இரண்டையும் சமன் செய்வதே அச்சட்டத்தின் நோக்கம்.

கலைஞர்கள் கண்ட விடைகள்

சட்டம் கடமையை வகுத்தது. அதை அழகோடு நிறைவேற்றும் பொறுப்பு கலைஞர்களைச் சேர்ந்தது. இருவேறு நாடுகளில் அவர்கள் கண்ட இரு விடைகளை இங்கு நோக்குவோம்.

முதலாவது ஸ்பெயினில். கிரனடாவின் அல் ஹம்ராவுக்கு எதிர்ச்சரிவில், நஸ்ரி சுல்தான்களின் குடும்பத்தார் இளைப்பாறிய ஜன்னத்துல் அரீஃப் என்னும் தோட்டமாளிகை உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி, 1319இல் முதலாம் இஸ்மாயீலின் ஆட்சியில் புதுப்பிக்கப்பட்டது. அதன் மேற்பகுதியில் சரிவேறிச் செல்லும் படிக்கட்டின் இருபுறக் கைப்பிடிச் சுவர்களின் தலையிலும் ஓடு பதித்த வாய்க்கால் ஓடுகிறது. படியேறுபவரின் கையருகே குளிர்ந்த நீர் சலசலத்து இறங்கி வருகிறது. தடுமாறாமல் பற்றிக்கொள்ள வேண்டிய சுவரையே தொட்டு மகிழ வேண்டிய நீரோடையாக மாற்றியவர்களின் கற்பனை வியப்புக்குரியது. பாதுகாப்பு என்பது அழகின் பகையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது விடை இந்தியத் துணைக்கண்டத்தின் ஜாலி எனப்படும் துளைவேலைப்பாட்டுக் கற்பலகை. ஒரே கல்லைக் குடைந்து வடிவியல் கோலங்களாக்கி, மாடங்களிலும் தள விளிம்புகளிலும் தடுப்பாக நிறுத்தினர். ஷாஜஹான் காலத்தில் இக்கலை பளிங்கில் உச்சம் தொட்டது. 1641இல் தொடங்கி 1642இல் நிறைவெய்திய லாகூர் ஷாலிமார் தோட்டத்தின் மூன்று தளங்களும் ஒன்றிற்கொன்று நான்கைந்து மீட்டர் உயர வேறுபாடு கொண்டவை. இத்தகைய விளிம்புகளில் ஜாலி உடலைத் தடுத்தது, காற்றை விட்டது, பார்வையைப் பாதி விட்டுப் பாதி மறைத்தது. நிழலில் நிற்பவருக்கு வெளியுலகம் தெரியும். வெயிலில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியார். அபூதாவூதின் ஹதீஸ் கூறும் தடுப்பும், இப்னு குதாமா கூறும் மறைப்பும் ஒரே கல்லில் கூடிவந்தன. ஆயினும் காட்சி துண்டு துண்டாகவே தெரிந்தது. முழுக் காட்சியும் வேண்டும், முழுப் பாதுகாப்பும் வேண்டும் என்ற ஆசை நிறைவேற வேறொரு பொருள் தேவைப்பட்டது.

கண்ணாடியின் நெடும்பயணம்

கண்ணாடி கண்ணை ஏமாற்றும் என்பதைத் திருக்குர்ஆனின் ‘நம்ல்’ அத்தியாயம் உணர்த்துகிறது. நபி ஸுலைமான் (அலை) அவர்களின் மாளிகைக்கு வந்த ஸபா நாட்டு அரசி, கண்ணாடி பாவிய தளத்தை நீர்த்தேக்கமென்று எண்ணி ஆடையைச் சற்று உயர்த்திக்கொண்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். இருப்பதை இல்லையெனவும் இல்லாததை இருப்பதெனவும் காட்டும் இப்பண்பை நினைவில் வைப்போம். பின்னர் இதற்கு வருவோம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸைப் (இறப்பு 887) பற்றி அல் மக்கரீ தரும் குறிப்பில் இரு செய்திகள் அருகருகே உள்ளன. அந்தலூஸில் கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையை முதலில் கண்டவர் அவர் என்பது ஒன்று. இறகுகளைப் பூட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பறக்க முயன்று, இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்பது மற்றொன்று. கண்ணாடியும் வீழ்ச்சியும் ஒரு மனிதரின் வரலாற்றில் ஒன்றாக இடம்பெற்றது தற்செயலே எனினும் நம் பொருளுக்கு இயைந்தது.

ஷாம் நாட்டின் கண்ணாடிக் கலைஞர்கள் மம்லூக் காலத்தில் பள்ளிவாசல் விளக்குகளை வண்ணப்பூச்சும் பொன்னெழுத்துமாக வனைந்தனர். அந்தாக்கியா இளவரசருக்கும் வெனிஸ் நகர ஆட்சியாளருக்கும் இடையே 1277இல் எழுந்த உடன்படிக்கையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளின் வணிகம் பற்றிய விதியும் இடம்பெற்றது. அக்காலத்தில் ஷாமின் கண்ணாடி எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதை இது காட்டும். ஆயினும் அந்தக் கண்ணாடி ஒளியைத் தாங்கவல்லதேயன்றி மனித எடையைத் தாங்கவல்லதன்று. உடைந்தால் கத்தியாக மாறும் பொருளை விளிம்பில் நிறுத்த எவரும் துணியவில்லை.

அத்துணிவைத் தந்தவை மூன்று கண்டுபிடிப்புகள். பிரான்சைச் சேர்ந்த ரோயே தெ லா பாஸ்தி, காய்ச்சிய கண்ணாடியைச் சூடான எண்ணெயில் தோய்த்து வலுவூட்டும் முறைக்கு 1874இல் காப்புரிமை பெற்றார். இன்று எண்ணெய்க்கு மாற்றாகக் காற்று பயன்படுகிறது. கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றை வேகமாகப் பாய்ச்சுகின்றனர். மேற்பரப்பு முதலில் இறுகுகிறது. உட்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுத்து அழுத்தத்தில் வைக்கிறது. அந்த அழுத்தத்தை வென்றால்தான் விரிசல் பிறக்கும். ஆகவே சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை கிட்டுகிறது. உடைந்தாலும் கூரிய துண்டுகளாகாமல் சிறுசிறு மணிகளாக உதிர்கிறது. கடைகளில் ‘டஃபன்டு’ கண்ணாடி என்று கேட்டு வாங்குவது இதையே.

இரண்டாவது, 1903இல் பிரெஞ்சுக் கலைஞரும் வேதியியலாளருமான எதுவார் பெனதிக்துஸ் கண்டது. அவருடைய ஆய்வகத்தில் உயரத்திலிருந்து வீழ்ந்த குடுவையொன்று விரிசல் கண்டும் சிதறாமல் முழுவடிவில் கிடந்தது. உள்ளே உலர்ந்துபோயிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பற்றிக்கொண்டிருந்தது. இரு கண்ணாடிகளுக்கிடையே படலம் வைத்து ஒட்டும் முறைக்கு அவர் 1909இல் காப்புரிமை பெற்றார். ‘லேமினேட்டட்’ எனப்படும் அடுக்குக் கண்ணாடி அவ்வாறு பிறந்தது. மூன்றாவது, இங்கிலாந்தின் அலஸ்டர் பில்கிங்டன் 1959இல் அறிவித்த மிதவைமுறை. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டால், தேய்த்து மெருகேற்றாமலே இருபுறமும் மட்டமான தகடு கிடைக்கிறது. அதன்பின் பெரிய தெளிந்த கண்ணாடித் தகடு செல்வர்களின் தனியுடைமையாக இருக்கவில்லை.

இன்றைய விளிம்பு

இம்மூன்றும் கூடியதே இன்றைய கண்ணாடித் தடுப்பு. அதைத் தோட்டச் சரிவில் நிறுத்துவோர் அறியவேண்டியவை சில உள்ளன.

உயரமும் இடைவெளியும் முதலாவது. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி, வீட்டில் 600 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இறக்கம் இருந்தால் தடுப்பு வேண்டும் என்கிறது. வெளிமாடத்தில் அதன் உயரம் 1100 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. சிறு குழந்தைகள் இருக்கும் இடத்தில் 100 மில்லிமீட்டர் உருண்டை நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது; குழந்தை கால்வைத்து ஏற எளிதாகவும் இருக்கக்கூடாது. தோட்டத்திற்கு இவை நேரடியாகப் பொருந்தாத இடத்திலும் அளவுகோலாகக் கொள்ளத்தக்கவை. குறுக்குக் கம்பிகளில் குழந்தை ஏணியைக் காண்கிறது. வழுவழுப்பான கண்ணாடியிலோ கால்வைக்க இடமில்லை. கண்ணாடியின் சிறப்புகளுள் இதுவே தலையாயது என்பேன்.

தாங்கும் விசை இரண்டாவது. வீட்டு மாடத் தடுப்பு ஒவ்வொரு மீட்டர் நீளத்திற்கும் ஏறத்தாழ 75 கிலோ எடைக்கு ஈடான கிடைவிசையைத் தாங்குமாறு கணக்கிடுவது அந்நாட்டில் வழக்கம். மேல்விளிம்பில் தள்ளப்படும் அவ்விசை நெம்புகோல்போல் அடித்தளத்தைப் பெயர்க்க முனைகிறது. ஆகவே தாங்கு சுவரின் மேற்கல்லில் நான்கு ஆணிகள் அறைந்து நிறுத்தினால் கண்ணாடி உடையாது, கல்லே பெயரும். அக்ஸியின் பாடம் இங்கே திரும்ப வருகிறது. கண்ணாடிக்குச் செலவிடுமுன் மண்ணுக்கும் சுவருக்கும் நீர்வடிகாலுக்கும் செலவிட வேண்டும்.

மூன்றாவது, உடைந்த பின் என்ன என்பது. வலுவூட்டிய கண்ணாடியில் நிக்கல் சல்பைடு என்னும் நுண்துகள் சிக்கியிருந்தால், அது காலப்போக்கில் பருத்து, எவரும் தொடாமலே தகடு உதிரக்கூடும். இதைக் கண்டறிய ஆலையில் தகடுகளை மீண்டும் பல மணிநேரம் சூட்டில் வைத்துச் சோதிப்பர். ஆயினும் ஒற்றைத் தகடு உதிர்ந்தால் விளிம்பு அந்நொடியே திறந்துவிடுகிறது. வலுவூட்டிய இரு தகடுகளைப் படலமிட்டு ஒட்டிய அடுக்குக் கண்ணாடியில் ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும். மேலே ஒரு கைப்பிடியும் இருப்பின் இன்னும் நன்று. இந்தியத் தர நிர்ணயப் பணியகமும் கட்டடக் கண்ணாடி பற்றிய ஐ.எஸ். 16231 நெறியில், மனிதர் மோதும் இடங்களுக்கெனத் தனிப்பகுதி வகுத்துள்ளது. விலையைக் கேட்குமுன் இதைக் கேட்பது இல்லத் தலைவரின் கடமை.

இனி ஸபா அரசியின் நிகழ்ச்சிக்கு வருவோம். தெளிந்த கண்ணாடித் தகடு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கையே திருப்பி அனுப்புகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி ஊடுருவிச் செல்கிறது. ஆகவே ஓடிவரும் குழந்தைக்கும் பறந்துவரும் பறவைக்கும் அது தென்படுவதில்லை. பார்வை மட்டத்தில் புள்ளிகளோ கோடுகளோ பொறித்துவிட்டால் இரு உயிர்களும் பிழைக்கும்.

கட்டிலின்மேல் நிற்கும் மனிதர்

கண்ணாடி உடலைக் காத்தது. காட்சியைத் திருப்பித் தந்தது. அண்டை வீட்டாரின் உரிமை என்னாயிற்று? ஜாலி செய்த இரு வேலைகளில் ஒன்றைக் கண்ணாடி கைவிட்டுவிட்டது என்பதை மறுக்க இயலாது. சரிவு நிலத்தில் மேல்வீட்டின் தோட்டம் கீழ்வீட்டின் முற்றத்திற்கு நேர் மேலே இருப்பது இயல்பு. கல்லோ செடியோ மறைத்திருந்த இடத்தில் கண்ணாடியை நிறுத்தினால், கிணற்றடியில் துணி துவைப்பவர் ஒரே நாளில் காட்சிப்பொருளாகிவிடுகிறார். அவர் வழக்குத் தொடுக்கமாட்டார்; சன்னலைச் சாத்திக்கொள்வார், முற்றத்திற்கு வருவதைக் குறைத்துக்கொள்வார். நாம் பெற்ற பரந்த வெளி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்பதை நாம் அறியாமலே போவோம்.

இதற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ‘முதவ்வனா’ கூறிய கட்டிலை நம் தோட்டத்தின் விளிம்பிற்குக் கொண்டுவந்தால் போதும். வேலை தொடங்குமுன் ஒருவரை அங்கே நிறுத்தி, நிற்கும்போதும் அமர்ந்திருக்கும்போதும் அவர் கண்ணில் என்ன படுகிறது என்று கேட்கலாம். மலையும் வானமும் தெரியும் பக்கத்தில் தெளிந்த கண்ணாடி இருக்கட்டும். அண்டை முற்றம் தெரியும் பக்கத்தில் ஒளியை விட்டு உருவத்தை மறைக்கும் பனிக்கண்ணாடி இருக்கட்டும். அல்லது அங்கு மட்டும் கல் ஜாலியோ செடிவேலியோ நிற்கட்டும். இரவில் நம் விளக்கொளியில் நாமே கீழுள்ளோர்க்குத் தெரிவோம் என்பதையும் அதே சோதனை காட்டிவிடும். ஒளி மங்கிய பக்கத்திலிருந்து வெளிச்சமான பக்கமே தெரியும் என்ற ஜாலியின் விதி கண்ணாடிக்கும் பொருந்துவதே.

விளிம்பில் நிறுத்தும் தடுப்பு மூவருக்குக் கடன்பட்டது. ஒன்று நிலம், அது சரியாமல் நிற்கவேண்டும். ஒன்று நம் வீட்டுக் குழந்தை. அது வீழாமல் விளையாடவேண்டும். ஒன்று கீழ்வீட்டார், அவர்கள் நிமிர்ந்து பார்க்க அஞ்சாமல் தம் முற்றத்தில் நடமாடவேண்டும். இம்மூன்றையும் எண்ணிப் பார்த்து எழுப்பும் தடுப்பையே, அது கல்லாயினும் கண்ணாடியாயினும், அல் கத்தாபீ சொன்ன பொருளில் ‘ஹிஜா’ என்று நாம் அழைக்கலாம்.